பாட்டு இனிக்குது, பாடினவர் கசக்குறார்... ப்ளே பண்ணலாமா, வேண்டாமா?

பாளையங்கோட்டையில் பஸ் ஏறி ஜங்ஷன் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஜன்னல் சீட். சுலோசன முதலியார் பாலத்தில் பஸ் ஏறுகிறது, கீழே தாமிரபரணி, காதில் இயர்போன், உங்களுக்கு ரொம்பப் பிடித்த பாட்டு. அப்போது போனில் ஒரு நோட்டிஃபிகேஷன். அந்தப் பாட்டில் சம்பந்தப்பட்ட ஒருவர் மேல் ஒரு பெண் புகார் சொல்லியிருக்கிறார். படித்ததும் வயிற்றை என்னவோ பண்ணுகிறது. ஆனால் பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னும் நல்லாத்தான் இருக்கிறது. அதுதான் பிரச்னையே!

நிறுத்தணுமா, தொடரணுமா?

கமென்ட்டுகளைத் திறந்தால் அங்கே ஏற்கெனவே இரண்டு கட்சி. ஒரு கட்சி, "கலை வேற, கலைஞன் வேற... பாட்டை மட்டும் கேளு பாஸ்" என்கிறது. இன்னொரு கட்சி, "இன்னுமா இந்த ஆள் பாட்டைக் கேக்குற? வெக்கமா இல்ல?" என்கிறது. இந்த இரண்டில் எதை எடுத்தாலும் பாதி வழியில் மாட்டிக்கொள்வோம். ஏனென்றால் இது ஒரே கேள்வி மாதிரி தெரிந்தாலும், உள்ளே நாலைந்து கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். முதலில் நம்ம ஊர்ப் பக்கத்திலிருந்தே ஆரம்பிப்போம்.

செங்கோட்டையின் குரல்

எஸ்.ஜி.கிட்டப்பா. உங்கள் தாத்தாவின் அப்பா காலத்து சூப்பர் ஸ்டார். 1906-ல் செங்கோட்டையில் பிறந்தவர். அன்றைக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த செங்கோட்டை, 1956-ல் திருநெல்வேலி மாவட்டத்துக்கு வந்தது. இப்போது தென்காசி மாவட்டம். பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதிலேயே நாடக மேடை ஏறிவிட்டார். மைக் இல்லாத காலம் அது. கடைசி வரிசைக்காரரையும் எட்டுகிற குரல் இருந்தால்தான் ஹீரோ. கிட்டப்பாவுக்கு இருந்தது.

இலங்கையில் நாடகம் போடப் போன இடத்தில் கொடுமுடி கே.பி.சுந்தராம்பாளோடு ஜோடி சேர்ந்தார். மேடையில் தொடங்கியது 1927-ல் கல்யாணத்தில் முடிந்தது. ஆனால் கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது. சுந்தராம்பாள் கர்ப்பமாக இருந்த காலத்திலேயே இருவருக்கும் நடுவில் பிரிவு. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. அவருக்குச் சுந்தராம்பாள் எழுதிய கடிதங்களில் கோபமும் இருக்கிறது, கெஞ்சலும் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. குடி கிட்டப்பாவின் உடம்பைத் தின்றது. 1933 டிசம்பரில், 27 வயதில் போய்ச்சேர்ந்தார். சுந்தராம்பாள் அதற்குப் பிறகு வெள்ளைப் புடவைக்கு மாறினார். எந்த ஆண் நடிகரோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-ல் வந்த 'நந்தனார்' படத்தில் நந்தனாராகவே அவர் நடித்தது இந்தப் பின்னணியில்தான்.

இப்போது சொல்லுங்கள், கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டுப் பாட்டை யூடியூபில் கேட்பது தப்பா?

தப்பு என்று சொல்ல எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. அவர் போய் 90 வருடம் தாண்டிவிட்டது. நீங்கள் கேட்பதால் அவருக்குக் காசும் போகாது, செல்வாக்கும் கூடாது. பாதிக்கப்பட்ட சுந்தராம்பாளும் 1980-ல் காலமாகிவிட்டார். ஆனால் ஒன்று இருக்கிறது. இந்தக் கதையை நாம் வழக்கமாக 'அமரக் காதல்' என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். அவர் விட்டுப்போனதையும், அவள் தனியாகச் சுமந்ததையும் அந்த ஒரு வார்த்தை மூடிவிடுகிறது. பாட்டைத் தாராளமாகக் கேளுங்கள். கதையைச் சொல்லும்போது முழுசாகச் சொல்லுங்கள்.

பழைய ஆட்கள் என்றால் இவ்வளவு சுலபமாக முடிந்துவிடுகிறது. இருப்பவர்கள் என்றால்தான் சிக்கல்.

ஒரு பாட்டு எத்தனை பேருடையது?

2018 அக்டோபர். இந்தியா முழுக்க மீ டூ அலை. பாடகி சின்மயி, கவிஞர் வைரமுத்து மேல் பாலியல் அத்துமீறல் புகாரை வெளிப்படையாகச் சொன்னார். வைரமுத்து அதை மறுத்தார். சட்டப்படி சந்திக்கத் தயார் என்றார். அடுத்த மாதமே, சந்தா கட்டவில்லை என்ற காரணம் சொல்லி டப்பிங் யூனியனிலிருந்து சின்மயி நீக்கப்பட்டார். '96' படத்தில் த்ரிஷாவுக்கு அவர் கொடுத்த குரலை ஊரே கொண்டாடிக்கொண்டிருந்த நேரம் அது.

ரசிகர்கள் பக்கம் உடனே கிளம்பியது நம்ம கேள்வி: "அப்போ வைரமுத்து எழுதின பாட்டெல்லாம் கேக்கக் கூடாதா?"

இங்கேதான் ஒரு முடிச்சு. 2002-ல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் வரும் 'ஒரு தெய்வம் தந்த பூவே'தான் சின்மயியின் அறிமுகப் பாட்டு. இசை ஏ.ஆர்.ரஹ்மான். வரிகள் வைரமுத்து. அந்தப் பாட்டுக்காக அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. எழுதியவரைத் தண்டிக்கிறேன் என்று இந்தப் பாட்டை உங்கள் ப்ளேலிஸ்ட்டிலிருந்து தூக்கினால், புகார் சொன்ன பெண்ணின் முதல் பாட்டையும் சேர்த்துத்தான் தூக்குகிறீர்கள். கூடவே வாசித்த கலைஞர்கள், ஒலிப்பதிவு செய்தவர்கள், படத்தில் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவே அந்தப் பாட்டு சுமக்கிற பாசம், எல்லாம் போகும்.

சினிமாப் பாட்டு ஒருத்தர் சொத்து கிடையாது. ஓவியம், நாவல் மாதிரி 'இது இவருடையது' என்று ஒரு பெயரைக் காட்டிவிட முடியாது. அதனால் நமக்கு 'கலையா, கலைஞரா' என்ற கேள்வியே கொஞ்சம் தப்பாகப் பொருந்துகிறது. ஒரு பாட்டில் ஐம்பது பேர் இருந்தால், ஒருவருக்காக மற்ற 49 பேரையும் ம்யூட் செய்வதா? யாருக்காக நாம் கோபப்படுகிறோமோ, அவரே அந்த 49 பேரில் ஒருவராக இருந்தால்?

2025 மே மாதம் நடந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். 'தக் லைஃப்' இசை வெளியீட்டு விழாவில், தீ பாடிய 'முத்த மழை' பாட்டைச் சின்மயி மேடையில் பாடினார். அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. "இந்தக் குரலை இத்தனை வருஷம் தமிழில் கேக்கவிடாம பண்ணிட்டீங்களே" என்று ரசிகர்கள் கேட்டார்கள். கவனியுங்கள், அன்றைக்கு ரசிகர்கள் யார் பாட்டையும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒதுக்கப்பட்ட ஒரு குரலைத் திரும்பக் கேட்டார்கள். ரசிகர் கையில் இருக்கிற அதிகாரத்தை இப்படியும் பயன்படுத்தலாம்.

ப்ளே அழுத்தினால் காசு யாருக்கு?

"நான் கேட்டா அவருக்குத்தானே காசு போகும்?" நியாயமான கேள்வி. கணக்கைப் பார்த்துவிடலாம்.

பெரும்பாலான மியூசிக் ஆப்களில் நடைமுறை இதுதான்: சந்தா, விளம்பரம் என்று வருகிற பணமெல்லாம் ஒரே உண்டியலில் விழும். ஆப் தன் பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை 'மொத்தப் ப்ளேயில் உன் பாட்டுக்கு எத்தனை சதவிகிதம்' என்ற கணக்கில் பிரிக்கும். அந்தப் பணம் முதலில் போவது பெரும்பாலும் பாட்டின் உரிமையை வைத்திருக்கும் ஆடியோ கம்பெனிக்கு. 2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி உரிமையை மொத்தமாக எழுதிக்கொடுத்துவிட முடியாது. சமபங்கு அவர்களுக்கு வந்தாக வேண்டும். பாடகருக்கும் ராயல்டி உரிமை உண்டு.

அப்படியென்றால், உயிரோடு இருக்கிற ஒருவரின் பாட்டை நீங்கள் கேட்டால் ஏதோ கொஞ்சம் அவருக்குப் போகத்தான் செய்யும். ஆனால் ஒரு தடவை கேட்பதில் உங்கள் பங்கு ஒரு ரூபாயைக்கூடத் தொடாது. உண்மையான கனம் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டால், ஆப் அதை அடுத்தவருக்கும் தள்ளும். ஸ்டேட்டஸ் வைத்தால் நூறு பேர் பார்ப்பார்கள். டிக்கெட் வாங்கிக் கச்சேரிக்குப் போனால் நேரடியாகக் காசு. காப்புரிமைக் காலம் முடிந்த பாட்டென்றால் ஒன்றுமே இல்லை. இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு, வெளியானதிலிருந்து 60 வருடம்தான் காப்புரிமை. கிட்டப்பா தப்பித்தது அதனால்தான்!

இயர்போனா, குழாய் ஸ்பீக்கரா?

எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் கைகொடுக்கிற கேள்வி இதுதான்.

நம்ம ஊர்க் கோயில் கொடைக்கு வாருங்கள். காலையில் நாலு மணிக்கே பனைமரத்தில் கட்டின குழாய் அலற ஆரம்பித்துவிடும். நீங்கள் தேர்ந்தெடுத்த பாட்டைத் தெருவே கேட்டாக வேண்டும். தூங்குகிற குழந்தை, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, அந்தப் பாட்டால் காயப்பட்ட ஒருவர் என்று யாருக்கும் 'ஸ்கிப்' பட்டன் கிடையாது. இயர்போனில் கேட்பது உங்களுக்கும் பாட்டுக்கும் நடுவில் முடிந்துவிடும். குழாயில் போட்டால் அது ஊருக்கு நீங்கள் சொல்கிற சேதி.

உலகத்தில் இந்த வித்தியாசத்தை ரொம்ப காலமாகக் கடைப்பிடிக்கிற ஒரு விவகாரம் உண்டு. ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர், யூதர்களை இழித்து எழுதியவர். 1883-ல் செத்துப்போனார். பிறகு வந்த ஹிட்லருக்கு அவர் இசை உயிர். இஸ்ரேலில் வாக்னர் இசைக்குச் சட்டத் தடை இல்லை. வீட்டில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் பொது மேடையில் வாசிப்பதில்லை என்று பல பத்தாண்டுகளாக ஒரு எழுதாத வழக்கம். கொடுமை முகாம்களிலிருந்து தப்பி வந்தவர்கள் அரங்கில் உட்கார்ந்திருக்கக்கூடும் என்பது காரணம். 2001-ல் ஜெருசலேமில் டேனியல் பேரன்பாய்ம் நிகழ்ச்சி முடிந்தபின், "வாசிக்கட்டுமா? விரும்பாதவர்கள் கிளம்பலாம்" என்று கூட்டத்திடமே கேட்டார். வாக்குவாதம் நடந்தது. சிலர் கதவை அறைந்துவிட்டுப் போனார்கள். பெரும்பாலானவர்கள் இருந்து கேட்டார்கள். அவர் செய்தது சரியா என்று இன்றும் பேசுகிறார்கள். ஆனால் 'கேட்டுவிட்டு வாசித்தார்' என்பது முக்கியம்.

விருதும் மேடையும் குழாய் ஸ்பீக்கர் மாதிரிதான். 2021-ல் கேரளத்தின் ஓ.என்.வி. இலக்கிய விருது வைரமுத்துவுக்கு அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பியது. விருதுக் குழு மறுபரிசீலனை என்றது, சில நாளில் அவரே வேண்டாமென்று சொல்லிவிட்டார். 2018-ல் மீ டூ புகார்களுக்குப் பிறகு சென்னை மியூசிக் அகாடமி, டிசம்பர் சீசனிலிருந்து ஏழு கலைஞர்களை விலக்கியது. 2024-ல் 'திருச்சிற்றம்பலம்' பாட்டுக்கு நடனம் அமைத்ததற்காக ஜானி மாஸ்டருக்கு அறிவிக்கப்பட்ட தேசிய விருது, போக்சோ வழக்கில் அவர் கைதான பிறகு நிறுத்திவைக்கப்பட்டது. மூன்றிலுமே யாரும் உங்கள் போனுக்குள் வந்து பாட்டை அழிக்கவில்லை. "புகார் நிற்கும்போது மாலை போடுவதை நிறுத்திவையுங்கள்" என்பதுதான் பேச்சு.

புகார் பொய்யாக இருந்தால்?

இருக்கலாம். தமிழ்ச் சினிமாவின் முதல் சூப்பர் ஸ்டார் எம்.கே.தியாகராஜ பாகவதரைக் கேளுங்கள். 'ஹரிதாஸ்' வெளியான 1944-லேயே, பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரும் நாகர்கோவில்காரரான கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-ல் இருவரும் விடுதலை. கலைவாணர் மறுபடி எழுந்துவிட்டார். பாகவதரால் முடியவில்லை. பழைய கூட்டம் திரும்பி வரவே இல்லை.

அதனால்தான் 'புகார்', 'வழக்கு', 'தீர்ப்பு' மூன்றையும் ஒரே தட்டில் போடக் கூடாது. அமெரிக்கப் பாடகர் ஆர்.கெல்லி மேல் வருடக்கணக்காகப் புகார்கள் இருந்தன. 2018-ல் ஸ்பாட்டிஃபை அவர் பாட்டை நீக்காமல், தான் தயாரிக்கும் ப்ளேலிஸ்ட்டுகளிலிருந்து மட்டும் எடுத்தது. தீர்ப்பு வராமல் இப்படிச் செய்யலாமா என்று சர்ச்சை வந்ததும் சில வாரத்தில் அந்தக் கொள்கையையே கைவிட்டது. 2021-ல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது, 2022-ல் 30 வருடச் சிறை விதித்தது.

ஒரு பக்கம் பாகவதர், இன்னொரு பக்கம் கெல்லி. ரசிகராக நாம் நீதிபதி வேலை பார்க்க வேண்டாம். ஆனால் புகார் சொன்னவரை "பப்ளிசிட்டிக்குப் பண்ணுது" என்று கமென்ட்டில் கிழிப்பதும் ஒரு தீர்ப்புதான். அதையும் எழுத நமக்கு உரிமை இல்லை.

ஆளைப் பத்தி பேச்சே இல்ல, பாட்டுதான் பிரச்னை

நெல்லைப் பக்கத்தில் இந்தக் கேள்வி தலைகீழாகவும் வரும். 1992-ல் வந்த 'தேவர் மகன்' படத்தில் ஊர்ப் பெரியவரைப் போற்றும் ஒரு பாட்டு உண்டு. இளையராஜா இசை, வாலி வரிகள். படத்துக்குள் அது ஒரு கதாபாத்திரத்தைப் பற்றிய பாட்டு. படத்தைவிட்டு வெளியே வந்து குழாயில் ஏறியபோது, சாதிப் பெருமையின் கீதமாகிவிட்டது. தாமிரபரணிக் கரையில் வளர்ந்த இயக்குநர் மாரி செல்வராஜ், 2023-ல் 'மாமன்னன்' மேடையில் கமல்ஹாசன் முன்னாலேயே, 'தேவர் மகன்' தன்னை எப்படி அலைக்கழித்தது என்று பேசினார். அதில் வடிவேலு நடித்த இசக்கிதான் தன்னுடைய மாமன்னன் என்றார். தனக்கு வலி தந்த படத்துக்கு அவர் கொடுத்த பதில் இன்னொரு படம்.

அதே வருடம் ஆகஸ்ட்டில்தான் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதியைக் காட்டும் கலர்க் கயிறுகளுக்குத் தடை கேட்டது. கயிறு கையில் தெரியும். பாட்டு காற்றில் போய்விடும். ஆனால் எந்தத் தெரு முன்னால், எந்த நேரத்தில், எந்தப் பாட்டு சத்தமாக வைக்கப்படுகிறது என்பதன் அர்த்தம் நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு நன்றாகவே தெரியும்.

சின்ன ஆள்னா மட்டும் சுலபமா பிரிக்கிறோமே!

இன்னொன்றையும் பேசிவிடணும். "கலையையும் கலைஞரையும் பிரிப்பது கஷ்டம்" என்கிறோம். நிஜமாகவா? நாம் அதை எத்தனையோ காலமாகச் சுலபமாகச் செய்து வருகிறோம்.

சுடலைமாடன் கொடையில் மகுடம் அடித்து, பெண் வேடம் கட்டி ராத்திரி முழுக்க ஆடுகிற கணியான் கூத்துக்காரர்கள். நையாண்டி மேளம், கரகம், பறை. அவர்கள் கலை இல்லாமல் சாமியே வராது என்போம். விடிந்ததும் அந்தக் கலைஞரை எந்தத் திண்ணையில் உட்காரவைத்தோம், எந்த டம்ளரில் காப்பி கொடுத்தோம்? கலையை எடுத்துக்கொண்டு கலைஞரைத் தெருவிலேயே விட்டோம்.

'பரியேறும் பெருமாள்' படத்தில் கதிரின் அப்பாவாக வந்த நெல்லை தங்கராஜ் நினைவிருக்கிறதா? பெண் வேடம் கட்டி ஆடிய நிஜக் கூத்துக் கலைஞர். அந்தப் படத்தில் அவர் வேட்டி உருவப்பட்டு ரோட்டில் ஓடும் காட்சியைப் பார்த்துத் தியேட்டரே உறைந்தது. நிஜத்தில் வறுமையோடு போராடியே வாழ்ந்து, 2023 பிப்ரவரியில் காலமானார்.

ஆக, பெரிய ஆள் தப்புச் செய்தால் "கலையை மட்டும் பாருங்க" என்று அவரைக் காப்பாற்றப் பிரிக்கிறோம். சின்ன ஆள் எந்தத் தப்பும் செய்யாதபோது, அவரை ஒதுக்குவதற்காகப் பிரிக்கிறோம். யாருக்காகப் பிரிக்கிறோம் என்று பார்த்தால் நம்மைப் பற்றியே நிறைய தெரிந்துவிடும்.

அப்போ என்னதான் பண்றது?

அடுத்த தடவை இப்படி ஒரு நோட்டிஃபிகேஷன் வந்தால், ஐந்து கேள்விகள்.

1. ஆள் இருக்கிறாரா, அதிகாரத்தில் இருக்கிறாரா? இல்லையென்றால் கேளுங்கள், கதையை மறைக்காதீர்கள். இருக்கிறார் என்றால் டிக்கெட், ஸ்டேட்டஸ், ஷேர் மூன்றிலும் யோசியுங்கள்.

2. விஷயம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது? புகாரா, வழக்கா, தீர்ப்பா என்று படித்துவிட்டுப் பேசுங்கள். அவர் மறுத்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

3. பாட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? கிரெடிட்ஸைத் திறந்து பாருங்கள். புகார் சொன்னவர் பாடகி என்றால் அவருடைய மற்ற பாட்டுகளைத் தேடிக் கேளுங்கள். நிறுத்துவதைவிட இது அவருக்கு அதிகம் உதவும்.

4. இயர்போனா, குழாயா? தனியாகக் கேட்பது உங்கள் மனசாட்சிக்கும் உங்களுக்கும். கல்யாண வீடு, காலேஜ் கல்ச்சுரல்ஸ், கொடை என்றால், கேட்கிற கூட்டத்தில் யாருக்காவது வலிக்குமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு லிஸ்ட் போடுங்கள்.

5. தப்பு பாட்டுக்குள்ளேயே இருக்கிறதா? அடுத்தவரை இழிவாக்குகிற பாட்டென்றால், பாடியவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் மாற்றிவிடலாம். தமிழில் பாட்டுக்கா பஞ்சம்?

இதையெல்லாம் யோசித்தபிறகும் ஒரு பாட்டைக் கேட்கவே முடியவில்லை என்றால், நிறுத்திவிடுங்கள். யாரிடமும் காரணம் சொல்ல வேண்டாம். சிலருக்கு அந்தக் குரல் வந்தாலே செய்திதான் ஞாபகம் வரும், அது நியாயம்தான். அதேபோல் சமையல் பண்ணிக்கொண்டே உங்கள் அத்தை முப்பது வருடமாகக் கேட்கிற பாட்டை, "அந்த ஆள் யாருன்னு தெரியுமா?" என்று பிடுங்கவும் வேண்டாம். அத்தை அந்தப் பாட்டில் கேட்பது அவருடைய இருபது வயதை. வேண்டுமானால் பாட்டு முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லுங்கள். அவருக்கும் சொல்ல ஒரு கதை இருக்கலாம், கேளுங்கள்.